மண்டபத்து வீட்டில் மேலே ஏறும் துணிக்கொடி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் துணி காய்வதுதான் பெரிய கவலை. வாடைக்காற்று தொடங்கியதும் ஒரு மணி நேரம் வெயில், அரை மணி நேரம் தூறல் என்று மாறி மாறி வரும். துணியைப் போடுவதும் எடுப்பதுமாக மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்கியே அம்மா ஓய்ந்துபோவார். முழங்கால் வலி வந்த பிறகு அந்தப் படி அவருக்கு ஆகாது என்று நாங்கள் சொன்னாலும் கேட்கமாட்டார்.

மழை இல்லாத நாளிலும் தொல்லை உண்டு. எங்கள் ஊர் மண்டபம், ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஆனாலும் வாடை ஆனாலும், காற்று ஏதோ ஒரு கடலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது. மாடியில் நன்றாகக் காய்ந்த துணியை மடித்து வைத்தால், மறுநாள் காலையில் தொட்டுப் பார்க்கும்போது பிசுபிசுவென்று இருக்கும். துணியில் ஏறியிருக்கும் உப்புதான் காரணம். சாதாரண சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்க்க ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உப்பு ஜாடிக்குள் நடப்பதுதான் சட்டைக்குள்ளும் நடக்கிறது.

அதனால் துணியை வீட்டுக்குள், காற்று நேராக அடிக்காத இடத்தில் காயப்போட வேண்டும் என்று முடிவு செய்தேன். பின்பக்கத் தாழ்வாரம் அதற்குத் தோதானது. இரண்டு பக்கம் கிரில், மேலே காங்கிரீட், தரையிலிருந்து மேல்தளம் வரை பத்தடி உயரம். குறுக்கே கொடி கட்டினால் நடக்க வழி இருக்காது. கயிற்றை விட்டால் இடுப்பளவுக்கு இறங்கி வரவேண்டும், இழுத்தால் சீலிங்குக்கு ஏறிவிட வேண்டும். அம்மா கையைத் தூக்காமல் துணி போட முடியவேண்டும். இதுதான் நான் போட்டுக்கொண்ட திட்டம்.

2023 ஆவணியில் முதல் கொடி கட்டினேன். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கொக்கி, இரும்புக் கப்பி, கடையில் கிடைத்த கொடிக்கயிறு, ஒரு இன்ச் பி.வி.சி. குழாய் ஐந்து. குழாய்களை வரிசையாகச் சட்டத்தில் கோத்து, இரண்டு ஓரத்திலும் கயிறு கட்டி, மேலே இருக்கும் கப்பி வழியாக இழுப்பது. செலவு குறைவு, வேலையும் ஒரே நாள். பொங்கலுக்குள் மொத்தமும் கெட்டுப்போயிற்று.

முதலில் குழாய். ஆறடி நீளக் குழாயில் ஈரமான போர்வையைப் போட்டதும் நடுவில் தூளி மாதிரி தொய்ந்தது. பி.வி.சி. வளைந்து கொடுக்கிற பொருள். அதே கனத்தில் அலுமினியக் குழாய் இருந்தால் தொய்வு அதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். தொய்ந்ததும் துணியெல்லாம் நடுவுக்கு வழுக்கி வந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துணி காயாது.

அடுத்தது கயிறு. துணி போட்டுச் சமமாக ஏற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மூன்று விரற்கடை இறங்கியிருக்கும். முடிச்சு நழுவுகிறது என்று நினைத்து நாலைந்து தடவை அவிழ்த்துக் கட்டினேன். முடிச்சில் குறை இல்லை. கயிற்றைக் கட்டும் சுவர் ஒரு ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்துக் கயிறு சின்னது, மறு ஓரத்துக் கயிறு ஆறடி கூடுதல் நீளம். மலிவான கொடிக்கயிறு உள்ளே வெற்றாகப் பின்னியது, பாரம் ஏறினால் நீளும். நீளமான கயிறு கூடுதலாக நீளும். அதனால்தான் எப்போதும் அந்த ஒரே பக்கம் இறங்கியது. இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கட்டுகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் துரு. கார்த்திகை கடைசியில் கப்பி சுற்றாமல் நின்றுவிட்டது. சக்கரம் சரியாகத்தான் இருந்தது, நடுவில் இருந்த ஆணி துருவேறி ஊதிப் பிடித்துக்கொண்டது. கயிறு சக்கரத்தின் மேல் உரசி நார் நாராகப் பிரிந்தது. கொக்கியிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் சொட்டி மகளின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. துருக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

துரு விஷயத்தில் எங்கள் ஊரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, நாங்கள் சிக்ரி என்று சொல்வது, மண்டபத்தில் ஒரு கிளை உண்டு. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை எப்படி அரிக்கின்றன என்று பார்க்க ஏற்ற இடம் இது. அப்படிப்பட்ட ஊரில் கடையில் முதலில் கண்ணில் பட்ட கொக்கியை வாங்கி மாட்டியது என் தவறு.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். படகு வேலையிலேயே வயதானவர். கழற்றிப் போட்ட கப்பியைக் காட்டினேன். கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். "இது கெணத்துக் கப்பிப்பா. நல்ல தண்ணி ஊர்ல ஓடும். இங்க ஓடாது. படகுல போடுறத போடு, வீட்ல பத்து வருசம் கெடக்கும்" என்றார்.

அதற்குள் நானே ஒரு கடையில் எவர்சில்வர் கொக்கி நான்கு வாங்கி வைத்திருந்தேன். காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்கு என்று நம்பினேன். மாமா சிரித்துக்கொண்டே ஒன்றை உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி வாசல் திண்ணையில் வைக்கச் சொன்னார். எட்டாம் நாள் பிரித்தால் வளைவில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 202 என்ற மலிவான ரகத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். அதுவும் காந்தத்தில் ஒட்டாது. பாத்திரங்களில் வரும் 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். அது வீட்டுக்குள் போதும், ஆனால் உப்புக்காற்றில் பழுப்புக் கறை விழும். கடலோரத்துக்கு ஏற்றது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். உப்பு புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அது தடுக்கிறது. காந்தச் சோதனை இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது. ரகத்தின் எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் வழி.

இரண்டாவது கொடிக்கு வாங்கியவை: 316 கொக்கி வைத்த ஃபாஸ்னர் (காங்கிரீட் துளைக்குள் முறுக்கினால் இறுகிப் பிடிப்பது) மூன்று, நைலான் சக்கரமும் ஸ்டீல் ஆணியும் கொண்ட ஒற்றைக் கப்பி நான்கு, இரட்டைக் கப்பி ஒன்று, டி ஷாக்கிள் (டி வடிவப் பூட்டு வளையம்) இரண்டு, 6 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறு. நைலானைவிடப் பாலியஸ்டர் குறைவாக நீளும், நனைந்தாலும் வலு குறையாது. கம்பிக்கு அலுமினிய ஜன்னல் வேலை செய்கிற பட்டறையில் ஒரு இன்ச் குழாய், சுவர்க் கனம் ஒன்றரை மி.மீ., ஆறடி வெட்டு ஐந்து.

அந்தக் குழாயில் ஒரு பாடம். முதலில் பூச்சு இல்லாத வெள்ளைக் குழாய் வாங்கினேன். ஈரத்துணி அதில் உரசியதும் சட்டையின் மடிப்பில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. திரும்பப் போய் அனோடைஸ் செய்த, அதாவது மேலே கெட்டியான பூச்சு ஏற்றிய குழாயாக மாற்றிக்கொண்டேன். பத்து இருபது ரூபாய் பார்க்காமல் முதலிலேயே அதை வாங்குவது நல்லது.

ஓரச் சட்டம் இரண்டு வேண்டும், குழாய்களைத் தாங்க. அதற்கு மட்டும் நான் கடைக்குப் போகவில்லை. அப்பத்தா இருந்த ஓட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனங்கை, கூரையைத் தாங்கும் பனைச் சட்டம், கிடந்தது. நல்ல வைரம் பாய்ந்த பனை. அறுத்த இடத்தில் கறுப்பு நரம்பு நெருக்கமாக ஓடும். ஓட்டு எடையைத் தாங்கியபடி இந்தக் காற்றில் அத்தனை வருடம் கிடந்தும் உளுத்துப்போகாத மரம். அதிலிருந்து இரண்டரை அடியில் இரண்டு சட்டம், மூன்று இன்ச் அகலம், ஒரு இன்ச் கனம் அறுத்தேன். அப்பத்தா வீட்டில் ஒரு துண்டு என் வீட்டில் தொங்குவது எனக்குப் பெரிய நிறைவு.

பனையில் துளை போடுவது பொறுமையான வேலை. தட்டை அலகு உள்ள பிட்டை வைத்தேன், நரம்பைப் பிய்த்து எடுத்துவிட்டது. வட்டமாக அறுக்கும் ஹோல்சா போட்டு, பாதி ஆழம் ஒரு பக்கம், மீதி மறுபக்கம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்தால்தான் ஓரம் சிதையாமல் வருகிறது. சட்டத்தின் முனையிலிருந்து இரண்டு இன்ச்சுக்குள் துளை போடக் கூடாது, நீளவாக்கில் பிளந்துவிடும். பனஞ்சிராய் கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், புடவையில் மாட்டினால் நூலை இழுத்துவிடும். அதனால் உப்புத்தாள் மூன்று ரகம் மாற்றி மாற்றித் தேய்த்து, எண்ணெய் விட்டுத் துடைத்து, மறுபடி தேய்த்தேன். ஒரு ஞாயிறு முழுவதும் இதற்கே போயிற்று. குழாயைச் சட்டத்தில் நுழைத்து இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி அடித்ததோடு சரி. ஸ்குரூ ஒன்று கூடப் போடவில்லை. அலுமினியத்தில் ஸ்டீல் ஸ்குரூ ஏற்றினால், உப்பு ஈரம் நடுவில் நின்று பேட்டரி மாதிரி வேலை செய்யும். ஸ்டீல் பிழைக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இந்தக் கொடியில் உலோகமும் உலோகமும் தொடும் இடம் கொக்கி, கப்பி, ஷாக்கிள் மட்டும்தான், அவை எல்லாம் ஸ்டீல்.

எடையைக் கண் மதிப்பில் விடவில்லை. மீன் நிறுக்கும் கொக்கித் தராசை வாங்கிவந்து ஒரு நாள் துணி முழுவதையும் நிறுத்தேன். காய்ந்த துணி ஐந்து கிலோ. கையால் பிழிந்த பிறகு பத்து கிலோ. மெஷினில் சுற்றி எடுத்தால் ஏழரை. சட்டம், குழாய், கயிறு சேர்த்து ஆறு கிலோ. ஆகக் கூடினால் பதினாறு கிலோ. முதல் கொடியில் கயிறு நேராகச் சட்டத்தைத் தூக்கியது. இழுப்பவர் அந்தப் பதினாறையும் கப்பியின் உரசலையும் சேர்த்து இழுக்க வேண்டும். அம்மாவால் அது முடியாது.

அதற்குப் படகுக்காரர்கள் செய்வதையே செய்தேன். கயிற்றின் நுனியைச் சட்டத்தில் கட்டாமல், மேலே கொக்கியிலேயே கட்டிவிடுவது. அங்கிருந்து கயிறு கீழே வந்து, சட்டத்தோடு நகரும் கப்பியில் நுழைந்து, மறுபடி மேலே போய் நிலைக் கப்பியில் திரும்பி, சுவரோரத்து இரட்டைக் கப்பிக்கு வந்து கீழே இறங்கும். இப்போது பாரத்தை ஒவ்வொரு பக்கமும் இரண்டு கயிறு தாங்குகிறது. கையில் வருவது எட்டு கிலோதான், உரசலோடு பத்து என்று தராசு காட்டியது. பதிலுக்கு, சட்டம் நாலரை அடி ஏற ஒன்பது அடி கயிறு இழுக்க வேண்டும். அம்மாவுக்கு நேரம் இருக்கிறது, தோளில் வலுதான் இல்லை. அதனால் இதுவே பொருத்தம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறவேண்டும், அதுதான் முக்கியம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கப்பல் போக நடுத்துண்டு மொத்தமாக மேலே ஏறுகிறது, 72.5 மீட்டர் நீளம். 1914இல் திறந்த பழைய பாலம் இரண்டு பாதியாகப் பிரிந்து கை தூக்கியது, அதில் ஒவ்வொரு பாதியும் தன் போக்கில் எழ முடிந்தது. ஒரே துண்டாக ஏறுவது கொஞ்சம் சாய்ந்தாலும் தூணில் மாட்டிக்கொள்ளும். எங்கள் தாழ்வாரத்துக் கொடிக்கும் அதே நியாயம்தான். இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, கைக்கு வரும் இடத்தில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டேன். பிரித்து இழுக்கவே முடியாது.

சீலிங்கில் துளை போடுவதுதான் நான் பயந்த வேலை. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் மேல்தளக் கம்பி துருவேறி, காரை பெயர்ந்து விழுவது சாதாரணம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே ஊதி காங்கிரீட்டைத் தள்ளிவிடும். கடல் மணலோ உப்புத்தண்ணீரோ கலந்து போட்ட தளமானால் சொல்லவே வேண்டாம். அதனால் முதலில் சின்னச் சுத்தியலால் சீலிங் முழுவதும் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் டங் என்று கனமாகக் கேட்கும். நான் குறித்து வைத்திருந்த ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று சத்தம், ஓட்டை டப்பாவைத் தட்டியது மாதிரி. கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. அந்த இடத்தை விட்டு ஒன்றரை அடி தள்ளிக் குறித்தேன். குறி மாறியதால் கொடியையே சுவரிலிருந்து நகர்த்த வேண்டி வந்தது, பரவாயில்லை.

மின்விசிறிப் பெட்டிக்கும் ஸ்விட்ச் சுவருக்கும் நடுவில் தளத்துக்குள் ஒயர் குழாய் ஓடும். அது நேராகத்தான் போகும் என்று நம்பக் கூடாது, அந்தப் பட்டையையே விட்டுவிட்டேன். மெயினை அணைத்து, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துத் துளையிட்டேன். 10 மி.மீ. பிட், இரண்டு இன்ச் ஆழம். பிட்டில் அந்த அளவில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு பிட்டில் கவிழாமல் மாட்டினால் தூள் கண்ணில் விழாமல் அதிலேயே சேரும். இரண்டாவது துளையில் பிட் அரை இன்ச் போனதும் ஏறாமல் கிரீச்சிட்டது. கம்பி. அழுத்திப் பார்க்காமல் எடுத்துவிட்டு, இரண்டு இன்ச் தள்ளி வேறு துளை போட்டேன். பழைய துளையைச் சிமெண்டுக் கலவை வைத்து அன்றே அடைத்தேன். திறந்து விட்டால் உப்பு ஈரம் நேராகக் கம்பிக்கே போகும்.

துளைக்குள் இருக்கும் தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபாஸ்னர் பிடிப்பதுபோல் பிடித்துப் பிறகு வழுக்கும். முறுக்கி ஏற்றிய பிறகு கொக்கியைச் சுற்றி சிலிகான் பூசினேன். அப்புறம் சோதனை. ஒவ்வொரு கொக்கியிலும் தண்ணீர் நிறைந்த 20 லிட்டர் கேனைத் தொங்கவிட்டு, கீழே யாரும் போகாதபடி நாற்காலியை மறித்து வைத்து, ஒரு இரவு முழுவதும் விட்டேன். கொக்கியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். காலையில் கோடு அப்படியே இருந்தது.

சட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் கயிறு எழுந்து முக்கோணமாக மேலே ஷாக்கிளில் சேர்கிறது. நடுவில் ஒரே முடிச்சில் தொங்கவிட்டால், முன்பக்கம் போர்வையும் பின்பக்கம் கைக்குட்டையும் போட்டதுமே சட்டம் கவிழும். முக்கோணம் இருந்தாலும் கனமான துணியை நடுக் குழாயில் போடுவதே நல்லது, அம்மாவுக்கு அது இரண்டு நாளில் பழகிவிட்டது. இந்த முக்கோணமும் கப்பியும் சேர்ந்து ஒன்றரை அடி உயரத்தைத் தின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள். குழாய் எட்டரை அடியில்தான் நிற்கிறது. போர்வையை இரண்டாக மடித்துப் போட்டாலும் நுனி தலையில் இடிக்கும். அதனால் யாரும் நடக்காத இடமாக, கட்டில் போட்டிருக்கும் ஓரத்தின் மேலே கட்டினேன்.

கயிற்றைச் சுற்றிக் கட்டும் கட்டையைச் சுவரில் ஐந்தடி உயரத்தில் அடித்தேன், மகளின் கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக. எட்டு போல நாலு சுற்று. அதற்கும் மேலே ஒரு கொக்கி வைத்து, கயிற்றில் போட்ட வளையத்தை அதில் மாட்டுகிறோம். கட்டையில் சுற்று அவிழ்ந்தாலும் வளையம் பிடித்துக்கொள்ளும். தலைக்கு மேல் பதினாறு கிலோ தொங்கும்போது இரண்டாவது பிடிப்பு இல்லாமல் தூங்கக் கூடாது.

துணி மேலே போய்விட்டால் மட்டும் காயாது. பிழிந்த துணியிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்க வேண்டும், அந்தக் காற்று வெளியே போகவும் வேண்டும். வடக்கு கிரிலுக்குப் பாதி அளவு படுதா கட்டி வாடையின் சாரலைத் தடுத்தேன், கிழக்கு கிரிலைத் திறந்தே வைத்திருக்கிறோம். சுவர் ஃபேன் ஒன்றைக் குறுக்காக ஓடவிடுகிறோம். ஃபேனின் இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு அடிக்கு மேல் இடைவெளி. கார்த்திகை மழையில் காட்டன் சட்டை இரவு போட்டால் காலைக்குக் காய்கிறது. ஜீன்ஸுக்கு இன்னும் அரை நாள் வேண்டும்.

மொத்தச் செலவு 3,900 ரூபாய், முதல் கொடியில் போனது தனி. 2024 ஆடியில் ஏற்றியது, ஒரு வாடையும் ஒரு கச்சானும் பார்த்துவிட்டது. கொக்கியில் லேசாகத் தேநீர்க் கறை போல ஒரு நிறம் வந்தது, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. மாதத்துக்கு ஒரு தடவை கொக்கி, கப்பி, குழாய் எல்லாவற்றையும் அப்படித் துடைக்கிறேன். கப்பிக்கு எண்ணெய் விடுவதில்லை. தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

முதல் நாள் அம்மா கயிற்றை இழுத்தபோது நான் பின்னால் நின்றேன், வழுக்கினால் பிடிக்கலாம் என்று. "நீ தள்ளிக்கய்யா, எனக்கு வருது" என்றார். ஒன்பது அடியையும் ஒரே மூச்சில் இழுக்காமல், நடுவில் ஒரு தடவை நின்று, வளையத்தையும் மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

மாமா வந்து பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். எப்போதும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் கப்பியின் மேல் இருக்கும் அந்த ஒரு சாண் கயிறுதான் தேயும். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை, கச்சான் முடியும்போதும் வாடை முடியும்போதும், மேலே கொக்கியில் கட்டிய நுனியை அவிழ்த்து ஒரு சாண் நகர்த்திக் கட்டுகிறேன். அதற்காகவே முதலில் கயிற்றை மூன்று அடி கூடுதலாக வெட்டி வைத்திருந்தேன்.